ஏ.சி. என்று எழுதியிருந்தால் ஏர்கண்டிஷனர் ஆகிவிடாது

"அடையாளம் தெரியாத பாகம்" என்று உலகத்தில் எதுவும் கிடையாது. வார்த்தவனுக்கு அது தெரியும். மாட்டியவனுக்குத் தெரியும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வாயால் ஊதி, மறுபடி மாட்டியவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். நமக்குத்தான் தெரியாது. நமக்குத் தெரியாததற்கெல்லாம் "என்னவோ பழைய இரும்பு" என்று பேர் வைத்து எடைக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்? இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

மேட்டர் இதுதான். இடப்பள்ளியில் எங்கள் தாத்தா வீடு. தேசிய நெடுஞ்சாலை 66-ஐ இடப்பள்ளியிலிருந்து மூத்தகுன்னம் வரை ஆறு வழியாக அகலப்படுத்தும் வேலையில் முன்பக்க மதிலும் பழைய கார் ஷெட்டும் போய்விட்டன. பணம் வந்தது, யாருக்கும் மனக்குறை இல்லை. ஷெட்டைக் காலி செய்தபோது ஒரு பெரிய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே துணியில் சுற்றிய பாகங்கள். தாத்தாவின் வண்டி 1990-களிலேயே கைமாறிவிட்டது. டின் மட்டும் தங்கிவிட்டது. அதிலிருந்த ஒரு சாமானைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டார்கள். உள்ளங்கை அளவு, வெள்ளை நிற உலோக உடம்பு, தலையில் குட்டிக் கண்ணாடிக் கிண்ணம், பக்கவாட்டில் யானைத் தந்தம் மாதிரி வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புக் கை. "இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

எங்கள் குடும்பத்தில் பொறியாளர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கல்லெறிந்தால் ஒரு பி.இ. மேல்தான் விழும். வந்த பதில்களைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் பொட்டி தட்டும் சித்தப்பா மகன் (படித்தது மெக்கானிக்கல், அதுவும் எம்.எஸ்.): "ஏ.சி.ன்னு எழுதியிருக்கே, பழைய ஏர்கண்டிஷனர் பார்ட்." துபாய் அண்ணா கைபேசியில் படத்தைக் காட்டித் தேடினார், அது "வாட்டர் பம்ப்" என்றது, அப்படியே வழிமொழிந்தார். லெஸ்டரில் இருக்கும் மாமா பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவிடம் கேட்டுச் சொன்னது தனிக் கூத்து, அதற்குப் பிறகு வருகிறேன். சிங்கப்பூர் அக்கா: "பாலிஷ் போட்டா பேப்பர்வெயிட்டா வச்சுக்கலாம்." கடைசியில் ஒருமனதாகத் தீர்மானம்: நாளைக்கு ஆக்ரிக்காரர் வருவார், டின்னோடு கொடுத்துவிடலாம்.

பத்து பட்டதாரிகள் கூடி எடுத்த முடிவை ஒரே ஒரு குரல் பதிவில் நிறுத்தியது, பத்தாவது தாண்டாத எங்கள் அத்தை.

"அதை ஏன் ஆக்ரியில போடறீங்க? மூணாறு போறச்சே நேரியமங்கலம் பாலம் தாண்டி ஏத்தத்துல வண்டி நின்னுடும். அப்பா பானட்டத் திறந்து இது மேலதான் ஈரத்துணி சுத்துவார். தண்ணிக் கூஜா பிடிச்சுண்டு நிக்கறது என் வேலை. கண்ணாடிக்குள்ள பெட்ரோல் பொங்கறதான்னு பார்க்கச் சொல்வார்."

முடிந்தது கதை. இதற்கு மேல் எந்த ஆப்பும் தேவையில்லை. ஈரத்துணி சுற்றுகிற பாகம், கண்ணாடிக்குள் பெட்ரோல் தெரிகிற பாகம், கையோடு இருக்கிற பாகம் என்றால் அது மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப். பெட்ரோல் டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோலை இழுத்துக் கொடுப்பது.

கோபம் எங்கே வருகிறது என்றால், படத்தைப் பார்த்துப் பதில் சொன்ன ஒருவரும் அத்தையிடம் கேட்கவில்லை. அந்த வண்டியில் பதினைந்து வருஷம் போய்வந்த ஆள் அதே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் "பொம்பளை, அவருக்கென்ன கார் தெரியும்." அதேபோல இடப்பள்ளி டோல் பக்கம் தாத்தா வண்டியைப் பார்த்துக்கொண்ட ஒர்க்‌ஷாப் ஆசான் எண்பது வயதைத் தாண்டி இன்னும் இருக்கிறார். அவர் "மெக்கானிக், படிக்காதவர்." அவரிடமும் கேட்கவில்லை. பதினான்காயிரம் கிலோமீட்டர் தள்ளி, அந்த வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களிடம்தான் கேட்பது. படிப்பு என்பது எதையெல்லாம் கேட்கக்கூடாது என்று கற்றுக்கொடுக்கிற சமாச்சாரமாக எப்போது ஆயிற்று?

சரி, அத்தையும் ஆசானும் இல்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் என்ன செய்வது? பொருளே பேசும், கேட்கத் தெரிந்தால்.

முதலில் அந்த ஏ.சி. விவகாரம். நான் இருக்கும் மிச்சிகனில் டெட்ராய்ட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃப்ளின்ட் என்று ஒரு ஊர். ஆல்பர்ட் சாம்பியன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், சைக்கிள் பந்தய வீரர், அமெரிக்கா வந்து 1908-இல் அங்கே ஸ்பார்க் பிளக் செய்யும் கம்பெனி தொடங்கினார். அவர் பெயரின் முதலெழுத்துக்கள்தான் ஏ, சி. ஜெனரல் மோட்டார்ஸ் குடைக்குள் போன அந்தக் கம்பெனி ஸ்பார்க் பிளக்கோடு நிற்காமல் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், மீட்டர் என்று ஏகப்பட்டது செய்தது. இங்கிலாந்தில் டன்ஸ்டபிளில் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் பலவும் அங்கே வாங்கின. ஆகவே ஏ.சி. என்ற எழுத்து இது எந்தக் கார் என்று சொல்லாது. யார் செய்தது என்றுதான் சொல்லும். பழைய பாகங்களில் முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான். லூகாஸ் என்று இருந்தால் கார் லூகாஸ் இல்லை. சோலெக்ஸ் என்று இருந்தால் கார் சோலெக்ஸ் இல்லை. டி.வி.எஸ். என்று பார்த்துவிட்டு மொபெட் பாகம் என்று சொன்ன ஆளையும் பார்த்திருக்கிறேன் :-) லூகாஸ் டி.வி.எஸ். சென்னை பாடியில் 1960-களிலிருந்து டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர் செய்த கம்பெனி. இந்திய சாலைகளில் ஓடிய பாதி வண்டிகளில் அதன் பெயர் இருக்கும்.

அடுத்தது எண். உலோகத்தில் புடைத்துக்கொண்டு இருக்கும் எண் வார்ப்பு எண். அச்சில் இருந்து வந்தது. ஒரே வார்ப்பை எடுத்து இரண்டு மூன்று விதமாகத் துளை போட்டு, கடைந்து, வேறு வேறு பாகமாக விற்பார்கள். அதனால் வார்ப்பு எண்ணைக் கொண்டுபோய்ப் பாகப் பட்டியலில் தேடினால் கிடைக்காது, அல்லது வேறு ஏதாவது கிடைத்துத் தொலைக்கும். குத்தி அடித்த எண்தான் பெரும்பாலும் உதவும். லூகாஸ் டிஸ்ட்ரிப்யூட்டரில் ஐந்து இலக்க எண் ஒன்றும், பக்கத்தில் "24 68" மாதிரி இரண்டு ஜோடி எண்ணும் குத்தியிருக்கும். அந்த ஜோடி 1968-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம். ஃபோர்டுக்காரர்கள் இன்னும் ஒழுங்கு. அவர்கள் எண்ணில் நடுப்பகுதி என்ன பாகம் என்று சொல்லும்: 6303 என்றால் கிராங்க் ஷாஃப்ட், 6049 என்றால் சிலிண்டர் ஹெட், 9510 என்றால் கார்புரேட்டர், 12127 என்றால் டிஸ்ட்ரிப்யூட்டர். முன்னால் வரும் எழுத்தும் எண்ணும் எந்த மாடலுக்காக வரைந்தது என்று சொல்லும். 1926-இல் இந்தியாவில் கம்பெனி தொடங்கி பம்பாய், கல்கத்தா, சென்னை என்று ஃபோர்டு வண்டிகளைப் பூட்டிக்கொடுத்த காலத்திலிருந்து நம் ஊர்க் கொல்லைகளில் இந்த எண்கள் கிடக்கின்றன. படிக்கத்தான் ஆளில்லை.

மூன்றாவது, மரை. இதில்தான் எனக்கு மெக்கானிக்குகள் மேல் மரியாதை எகிறுகிறது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைக்கு ஒரு தரம் முன்வைத்தார், அதன் கோணம் 55 டிகிரி. 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து 60 டிகிரியில் பொதுத் தரம் ஒன்றை ஒப்புக்கொண்டன. ஃபியட்டோ மில்லிமீட்டர் கணக்கு. ஆக ஒரு போல்ட்டைப் பார்த்தே வண்டியின் தேசத்தையும் ஏறத்தாழக் காலத்தையும் சொல்லலாம். விட்வொர்த் ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் ஸ்பேனர் வாயின் அகலம் கிடையாது, போல்ட்டின் தண்டு எவ்வளவு என்று. இதைத் தெரியாமல் எத்தனை போல்ட் தலைகளை நம்மவர்கள் உருட்டியிருக்கிறார்கள்!

இதில் ஒரு வேடிக்கை. கோவென்ட்ரியில் பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் கம்பெனியின் எஞ்சின் ஆலையை மோரிஸ் 1923-இல் வாங்கினார். அங்கே இருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு மெட்ரிக் மரை வெட்டுபவை. இங்கிலாந்து மெக்கானிக்குகளிடம் இருந்தது விட்வொர்த் ஸ்பேனர். என்ன செய்தார்கள்? மரையை மெட்ரிக்கில் வெட்டி, தலையை மட்டும் விட்வொர்த் அளவில் வைத்துவிட்டார்கள். மோரிஸ் 10 எஞ்சினிலும் அதன் வழிவந்த எம்.ஜி. டி வரிசைக் கார்களிலும் இந்தக் கலப்பு உண்டு. ஹிந்துஸ்தான் 10 என்று நம் ஊரில் வந்தது அந்த மோரிஸ் 10-தான். உடம்பு பிரெஞ்சு, தலை இங்கிலீஷ் என்று ஒரு போல்ட் கையில் கிடைத்தால் அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். இதை எனக்குச் சொன்னது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. விரல் நகத்தை மரையில் ஓட்டிப் பார்த்தே "இது மில்லி, இது இஞ்சு" என்று பிரித்துப் போடும் ஆசான்தான்.

இப்போது நம் பம்புக்கு வருவோம். அந்த வளைந்த கைதான் முக்கியம். எஞ்சின் பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை வழியாக அது உள்ளே போய், கேம் ஷாஃப்டில் இருக்கும் மேட்டின் மேல் உட்காரும். மேடு சுற்றச் சுற்ற கை ஏறி இறங்கும், உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்கிற சவ்வைக் கீழே இழுக்கும், பெட்ரோல் உள்ளே வரும். ஸ்பிரிங் சவ்வை மேலே தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டர் நிரம்பிவிட்டால் சவ்வு கீழேயே நின்றுவிடும், கை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. வண்டி நின்று வெகுநாள் ஆனால் கையாலேயே பெட்ரோல் ஏற்ற அடியில் ஒரு குட்டி லீவர் வேறு. சூடான எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் மலையேற்றத்தில் உள்ளே பெட்ரோல் ஆவியாகும். ஆவியை இந்தப் பம்பால் தள்ள முடியாது. வண்டி நிற்கும். அதற்குத்தான் தாத்தாவின் ஈரத்துணி, அத்தையின் கூஜா.

கையின் நுனியில் தேய்மானம் பளபளவென்று இருந்தது. ஆக, ஓடிய பம்ப்; பெட்டியிலேயே இருந்த புது ஸ்பேர் கிடையாது. கேம் ஷாஃப்டால் ஓடும் பம்ப் என்பதால், கரன்டில் ஓடும் எஸ்.யு. பம்ப் வைத்த மோரிஸ் மைனர் மாதிரி வண்டிகள் கழிந்துபோயின. இங்கேயே நின்றுவிடக்கூடாது என்பதுதான் ஆசான் சொன்ன முக்கியமான விஷயம். ஏ.சி. பம்புகள் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். கையின் நீளமும் வளைவும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். நீளமான கை உள்ள பம்பைத் தவறான எஞ்சினில் முறுக்கி ஏற்றினால் கை ஒடியும், இல்லை கேம் அரிபடும். குட்டையான கை என்றால் பெட்ரோல் போதாது. "மாதிரி இருக்கு" என்பதற்கும் "இதுதான்" என்பதற்கும் நடுவில் ஒரு எஞ்சினின் உயிர் இருக்கிறது. அதனால் அத்தை மகன் கைபேசிக் காமிராவை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனான். ஆசான் படத்தைப் பார்க்கவில்லை. பொருளை வாங்கினார், கையை இரண்டு தடவை அமுக்கினார், போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "ஹெரால்டு. நான் கழற்றினதுதான்." அரை நிமிஷம்.

ஆமாம், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இப்போது லெஸ்டர் கூத்துக்கு வருவோம்.

மாமா அங்கே கேட்டாரல்லவா? "தாத்தா வைத்திருந்தது நாலு கதவு ஹெரால்டு" என்று சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளைக்காரத் தாத்தா சிரித்துவிட்டு, "நாலு கதவு ஹெரால்டு என்று ஒன்று வந்ததே இல்லை, உங்கள் மாமனார் வேறு ஏதோ வண்டி வைத்திருந்திருப்பார்" என்றாராம். மாமா அதை அப்படியே வேதவாக்காக எங்களுக்கு அஞ்சல் செய்துவிட்டார். தன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பில் ஏறி வந்த வண்டிக்கு எத்தனை கதவு என்பதைக்கூட லெஸ்டரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? இதைவிட அடிமைப் புத்தி வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

அவர் சொன்னது அவர் ஊரைப் பொறுத்தவரை சரி. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு எல்லாமே இரண்டு கதவு. நம் கதை வேறு. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று ஒரு கம்பெனி இருந்தது. 1950-களில் வேன்கார்டு, ஸ்டாண்டர்ட் 10 என்று தொடங்கி 1961-இல் ஹெரால்டு கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அதே 1961-இலேயே எஞ்சினை 948 சி.சி.யிலிருந்து 1147-க்கு ஏற்றினார்கள். நம்மவர்கள் கடைசிவரை 948-ஐ விடவில்லை. 1960-களின் கடைசியில் நம்மவர்களே உடம்பை மாற்றி நாலு கதவு வைத்தார்கள். மாமியாரும் நாத்தனாரும் பின் சீட்டில் ஏற இறங்க வேண்டுமே! 1971-இல் இங்கிலாந்தில் ஹெரால்டு நின்றுபோனது. நம் ஊரில் 1972-இல் பின் ஆக்ஸிலையே மாற்றி கெஸல் என்ற பெயரில் 1977 வரை ஓட்டினார்கள். அப்புறம் வேன்கள், 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார், 1988-இல் ஆலைக்குப் பூட்டு.

அதாவது, சென்னையில் இருந்த தமிழ்த் தொழிலாளிகளும் வரைவாளர்களும் செய்த ஒரு காரைப் பற்றி இங்கிலாந்துப் புத்தகத்தில் பதில் இல்லை. இருக்கவும் முடியாது. அங்கே கேடனில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பணம் கட்டினால் உங்கள் கார் எந்தத் தேதியில் ஆலையை விட்டு வெளியே வந்தது என்று சான்றிதழ் கொடுப்பார்கள். என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் டியர்பார்னில் ஃபோர்டு ஆவணக் காப்பகம் இருக்கிறது. போய் உட்கார்ந்தால் நூறு வருஷத்து வரைபடம் பார்க்கலாம். பெருங்களத்தூர் ஹெரால்டின் ஆவணம் எங்கே இருக்கிறது? இடப்பள்ளி ஆசானின் கட்டைவிரலில் இருக்கிறது. ஆள் எண்பது தாண்டிவிட்டார்.

இங்கேதான் எனக்கு நம் சனங்கள் மேல் சுத்தமாகப் பொறுக்கவில்லை. ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, திரும்பப் பூட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். நம் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். ஊருக்குப் போனால் கோயம்புத்தூர் ஜிடீ கார் மியூசியத்தில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அதே பையன், "அப்பா, நான் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து வண்டி வேலை கத்துக்கறேன்" என்று சொல்லட்டும் பார்க்கலாம். தங்கமணி ஒரு பக்கம், ரங்கமணி ஒரு பக்கம் மயக்கம் போட்டு விழுவார்கள். செத்துப்போன மெக்கானிக் மேதை, உயிரோடு இருக்கும் மெக்கானிக் "கரி பிடிச்ச கை". வீட்டுக்கு வந்தால் தனி டம்ளரில் டீ கொடுத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தையும் அதில் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. எடைக்குப் போடாது, ஆனால் அதைவிட மோசமாகச் செய்யும். மட்டாஞ்சேரி யூதர் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகளில் ஒரு சுற்று வாருங்கள். உருளையாக, மூடியில் குழாய் இணைப்புகளோடு, சின்னத் தூக்குச்சட்டி மாதிரி ஒரு சாமான். உள்ளே பல்பு வைத்து ஒயர் இழுத்து "கப்பல் விளக்கு" என்று மாட்டியிருந்ததை ஒரு கடையில் என் கண்ணாலேயே பார்த்தேன். அது ஆட்டோவேக். 1920-கள், 30-களின் கார்களில் பானட்டுக்குள் தடுப்புச் சுவரில் மாட்டியிருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்றின் வெற்றிடத்தை வைத்துப் பின்னாலிருக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோலை இதற்குள் உறிஞ்சி, இங்கிருந்து கார்புரேட்டருக்கு இறக்கிவிடும். நீண்ட ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் வெற்றிடம் குறைந்து உறிஞ்சல் நின்றுவிடும், டிரைவர் கொஞ்சம் காலை எடுத்து அது நிரம்பக் காத்திருக்க வேண்டும். நம் தாத்தாவின் பம்புக்கு அதுதான் தாத்தா. நன்றாக வேலை செய்திருக்கக்கூடிய ஒன்றை ஓட்டை போட்டு விளக்காக்கி, கப்பல் கதை கட்டி, விடுமுறைக்கு வரும் நம்மிடமே டாலர் கணக்கில் விற்கிறார்கள். நாமும் நியூஜெர்சி வரவேற்பறையில் தொங்கவிட்டு "கொச்சின் துறைமுகத்திலேர்ந்து வந்தது" என்று விருந்தாளிக்குச் சொல்கிறோம். கடைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். அவர் வியாபாரி, வாங்குகிறவனுக்குத் தெரியாதவரை அது கப்பல் விளக்குதான்.

"சரிப்பா, இதெல்லாம் கொசுவத்தி சுத்தறது. இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்காக மிச்சம்.

தாத்தாவின் வண்டியை வாங்கியவரின் மகன் அதை இன்னமும் வைத்திருக்கிறார், திருச்சூர் பக்கம். ஒரிஜினல் பம்ப் இல்லாமல் கரன்ட் பம்ப் போட்டு ஓட்டுகிறார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார்களையும் இருசக்கர வண்டிகளையும் விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. தினமும் ஆபீஸ் போகவோ வாடகைக்கோ கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு இதற்கெல்லாம் எடுத்துப் போகலாம். நிபந்தனை என்ன தெரியுமா? வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும், சேஸியிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. பம்ப் ஒன்றை மாற்றியதைப் பெரிய மாற்றம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் நம் ஊரில் எஞ்சினையே மாற்றி, டீசல் ஏற்றி ஓட்டிய வண்டிகள் ஏராளம். எது அசல், எது பின்னால் ஒட்டியது என்று பாகம் பாகமாகப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே! கெஸல்களில் மூத்தவை 2022-இல் ஐம்பதைத் தொட்டுவிட்டன. கடைசியாக வந்தவை 2027-இல் தொடும். சட்டம் "அசல்" என்ற ஒரு சொல்லை எழுதி வைத்துவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லத் தெரிந்தவர்களை நாம் எண்ணெய்க் கறையோடு வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, இது பாதுகாப்பு விஷயம். 2025-இல் இந்தியா முழுக்கப் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் சவ்வுக்கும் ஹோஸுக்கும் எத்தனால் ஆகாது. ஊறி, உப்பி, கிழியும். இந்தப் பம்பில் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் ஒன்று அடியில் இருக்கும் ஓட்டை வழியாகச் சூடான எஞ்சின் மேல் சொட்டும், இல்லையென்றால் ஆயில் சம்ப்புக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். இரண்டும் ஆபத்து, முதலாவது உயிராபத்து. எத்தனால் தாங்கும் சவ்வு கிடைக்கிறது, ஆனால் எந்தப் பம்ப் என்று சரியாகத் தெரிந்தால்தான் எந்தச் சவ்வு என்று கேட்க முடியும். "ஏ.சி. பார்ட்" என்று கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடைக்கு வழி சொல்வார்கள்.

இதற்கு வரும் நியாயமான மறுப்பு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எல்லாரும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. ஃப்ளாட்டில் இரண்டு பெட்ரூம், அதில் கார் பாகத்துக்கு எங்கே இடம்? வைத்துக்கொள்ளச் சொல்லவே இல்லை. விற்றுவிடுங்கள், கொடுத்துவிடுங்கள். சென்னை புதுப்பேட்டைக்கே போகட்டும். அங்கே இருப்பவர்கள் பாகத்தை அடையாளம் தெரிந்து இன்னொரு வண்டிக்குக் கொடுப்பவர்கள். பெயரில்லாமல் போகக்கூடாது, அதுதான் என் சண்டை. ஒரு அட்டைத் துண்டு, ஒரு நூல். "ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஃப்யூயல் பம்ப், இன்ன வருஷம் கழற்றியது" என்று எழுதிக் கட்டுங்கள். டின்னுக்குள் இருக்கும் கந்தல் துணியையும் காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். பாதிப் பதில் அதில்தான் இருக்கும். எங்கள் டின்னில் பம்பைச் சுற்றியிருந்தது ஒரு மலையாளப் பத்திரிகை. அதிலிருந்த தேதியை வைத்துத்தான் தாத்தா எப்போது பம்ப் மாற்றினார் என்றே தெரிந்தது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது லுலு மாலில் இரண்டு நாள் செலவழிப்பீர்கள், தெரியும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் உங்கள் அப்பாவின் வண்டியைத் தெரிந்த ஒரு ஆசான் இருக்கக்கூடும். ஒரு மணி நேரம் போங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொருளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காமிராவை ஓட விடுங்கள். நடுவில் பேசாதீர்கள், குறிப்பாக நீங்கள் பி.இ. என்பதை. அவர் மலையாளத்தில் சொல்வார், உங்கள் அத்தை தமிழில் திருத்துவார். இரண்டையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு ஒரு மணி நேர கன்சல்டிங்குக்கு என்ன வாங்குகிறீர்களோ, அதைவிடக் குறையாமல்.

பம்ப் இப்போது திருச்சூர்க்காரரிடம் இருக்கிறது. புது சவ்வு போட்டாயிற்று. ஆசானே போய் மாட்டிக் கொடுத்தார்.

பி.கு.: பழைய பாகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிற கேஸ்கெட்டைக் கத்தியால் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ வேண்டாம். அந்தக் காலத்து கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. நனைத்து ஊறவைத்து, ஈரத்தோடேயே எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். எக்ஸாஸ்ட், வால்வு பக்கத்துக் கரியையும் வெறும் கையால் தொட வேண்டாம். அது ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்த காலத்துக் கரி. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் டின்னை மொட்டை மாடியில் வைத்துத் திறக்கவும்.